கணினி எழுப்பும் எட்டுக் குரல்கள்

கடற்கரையை அடுத்த ஊர்களிலிருந்து பிழைப்பை நாடி வெளிமாநில நகரங்களில் வந்து குடியேறிய நம்மவர்க்குப் புயல் எச்சரிக்கைக் கூண்டு என்றால் என்னவென்று விளக்க வேண்டுவதில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நாகப்பட்டினத்திலோ கடலூரிலோ மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டதென்று வானொலியில் கேட்டால் ஒருவகைக் கவலையும், பத்தாம் எண் கூண்டு என்று கேட்டால் வேறொரு வகை நடுக்கமும் நம் உள்ளத்தில் எழுகின்றன. 1864-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கல்கத்தாவைப் பெரும்புயல் ஒன்று தாக்கிச் சூறையாடியது. அடுத்த ஆண்டே, 1865-இல், அத்துறைமுகத்திற்கெனப் புயல் எச்சரிக்கை முறை ஒன்று ஏற்படுத்தப்பட்டது. நம் நாட்டுத் துறைமுகங்களில் வழங்கும் ஒன்று முதல் பதினொன்று வரையிலான எண்கள் அம்மரபின் வழி வந்தவையே. கூண்டைக் காணும் மாலுமி காற்றின் வேகத்தை ஆராய்ந்துகொண்டு நிற்பதில்லை. கப்பலைத் துறைமுகத்திலேயே வைத்திருப்பதா, கடலுக்குள் கொண்டு செல்வதா என்னும் ஒன்றைத்தான் அவர் முடிவு செய்கிறார். எண் காற்றைப் பற்றியதாகத் தோன்றினும், உண்மையில் அது மனிதன் செய்யவேண்டிய செயலைப் பற்றியதாகும்.

இத்தகைய படிவரிசை ஒன்று நம் காலத்துக் கணினிகளின் உள்ளேயும் உண்டு. அது எவ்வாறு தோன்றியது, எவ்வாறு வளர்ந்தது, அதனைப் பிழைபடக் கையாண்டால் என்ன விளையும் என்பவற்றை இப்பேச்சில் காண்போம். பெங்களூரிலும் புனேயிலும் ஐதராபாத்திலும் கணினி நிலையங்களில் இரவுப் பணி புரியும் நம் இளைஞர் பலர்க்கு இஃது அன்றாடத் தொழில். மற்றையோர்க்கும் இதில் பங்குண்டு. ஊருக்கு நாம் அனுப்பும் பணமும், ஊருக்குச் செல்ல நாம் பதிவு செய்யும் பயணச்சீட்டும் இக்கணினிகளின் வழியேதான் செல்கின்றன.

முதலில் ஒரு சிறு விளக்கம். கணினியில் நாம் கையாளும் மென்பொருள்கள் ஒருபுறமும், வட்டு, நினைவகம், அச்சுப்பொறி முதலிய உறுப்புகள் மற்றொருபுறமும் இருக்கின்றன. இவ்விரண்டிற்கும் இடையே நின்று, யாருக்கு எவ்வளவு இடம், யாருக்கு எப்போது முறை என்று வகுத்துக் கொடுக்கும் மென்பொருளுக்கு இயக்க முறைமை என்று பெயர். அதன் உட்கருவாக விளங்கும் பகுதியைக் கர்னல் என்பர். வட்டு ஒன்று பழுதுற்றாலும், நினைவகம் போதாமற் போனாலும், அச்சுப்பொறியில் காகிதம் தீர்ந்தாலும் முதலில் அறிவது கர்னலே. அறிந்ததை அது ஒரு வரியில் எழுதி வெளியிடுகிறது. அவ்வரி எத்துணைக் கடுமையானது என்று காட்டும் ஓர் எண்ணும் அதனுடன் சேர்கிறது. அந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது கணினி அன்று. நிரலை எழுதும் மனிதனே. அவன் ஒருநாள் பகலில் தேர்ந்தெடுத்த எண், பல ஆண்டுகளுக்குப் பின் முன்பின் அறியாத ஒருவரை நள்ளிரவில் எழுப்பலாம். எழுப்ப வேண்டிய வேளையில் எழுப்பாமலும் விடலாம்.

தொடக்க காலத்தில் இத்தகைய படிவரிசை எதுவும் இருந்ததில்லை. 1960-களில் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும், பெல் ஆய்வுக்கூடமும், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனமும் கூடி மல்டிக்ஸ் என்னும் பெரியதோர் இயக்க முறைமையைப் படைக்க முற்பட்டன. 1969-இல் பெல் ஆய்வுக்கூடம் அம்முயற்சியிலிருந்து விலகிற்று. அங்கிருந்த கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் சிறியதாகவும் எளியதாகவும் யூனிக்ஸ் என்னும் முறைமையை அமைத்தனர். மல்டிக்ஸ் பணியில் இருந்த டாம் வான் விளெக் என்பார் ஒருமுறை ரிட்சியிடம், தாம் எழுதும் நிரலில் ஏறக்குறைய பாதி, பிழை நேர்ந்தால் மீள்வதற்கானது என்று கூறினாராம். தாங்கள் அவற்றையெல்லாம் விட்டுவிட்டதாகவும், பெரும்பிழை நேர்ந்தால் 'பேனிக்' என்னும் ஒரு சிறு நிரல் இயங்கிக் கணினி நின்றுவிடும் என்றும், பிறகு அதனை மறுபடி தொடங்குமாறு கூடத்தின் மறுகோடிக்குக் குரல் கொடுப்பதுதான் வழக்கம் என்றும் ரிட்சி விடையிறுத்தார். பேனிக் என்பதற்குப் பீதி என்று பொருள். கணினியும் மனிதரும் ஒரே கூடத்தில் இருந்த காலத்துக்கு அது பொருந்தும்.

1975-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில் கர்னல் பேசுவதற்கு இரண்டே வழிகள் முதன்மையாக இருந்தன. ஒன்று, சாதாரணமாக ஒரு வரியை அச்சிடுவது, மற்றொன்று, பேனிக். அச்சிடும் நிரலின் தலைப்பில் அதனை ஆக்கியோர் ஒரு குறிப்பு எழுதி வைத்தனர்: அச்சிடும் வேளையில் கணினியின் மற்றைப் பணிகள் யாவும் ஏறக்குறைய நின்றுவிடுமாதலால், வெறும் அரட்டைக்கு இதனைப் பயன்படுத்தலாகாது என்பது அதன் கருத்து. அன்றைய டெலிடைப் பொறி விநாடிக்குப் பத்து எழுத்துகளையே அடிக்கவல்லது. எழுபது எழுத்து கொண்ட ஒரு வரிக்கு ஏழு விநாடி ஆகும். அவ்வேழு விநாடியும் மற்றவர் காத்திருக்க வேண்டும். சொல்லுக்கு விலை இருந்ததால் அன்று சொற்சிக்கனமும் இருந்தது.

மல்டிக்ஸ் முறைமையைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அதில் ஒரு பிழைச்செய்தி இலத்தீன் மொழியில் எழுதப்பட்டிருந்தது. இன்று வேருக்கு ஓர் உடன்பிறந்தான் தோன்றினான் என்பது அதன் பொருள். கோப்புகளின் மரத்தில் வேர் என்பது ஒன்றே. அதற்கு உடன்பிறப்பு இருக்க இயலாது. எந்நாளும் நிகழாத பிழை என்று கருதி, விளையாட்டாக அதை இலத்தீனில் எழுதிவிட்டார் பெர்னார்டு கிரீன்பெர்க் என்னும் நிரலாளர். ஒருநாள் அச்செய்தி வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்த கணினியில் தோன்றியே விட்டது. நிகழாது என்று நாம் எண்ணுவது நிகழும் நாளில்தான், படிப்பவர்க்குத் தெளிந்த சொல் மிகுதியாகத் தேவைப்படுகிறது.

ஏறக்குறைய அதே காலத்தில், பூமியிலிருந்து வெகு தொலைவில், செய்தியின் கடுமையை அறிந்து வைத்திருந்ததால் ஒரு பெரும்பயணம் காக்கப்பட்டது. 1969-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 20-ஆம் நாள் அப்பல்லோ 11 கலம் நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது, கலத்தின் கணினி 1202 என்னும் எண்ணைக் காட்டி எச்சரித்தது. கணினியின் பணிகளைப் பங்கிடும் 'எக்சிகியூட்டிவ்' என்னும் பகுதி, தன்னால் ஏற்க இயலாத அளவுக்கு வேலை குவிந்துவிட்டது என்று கூறிய செய்தி அது. ராடார் கருவி ஒன்றிலிருந்து வந்த வேண்டாத குறிப்புகள் கணினியின் நேரத்தை விழுங்கிக்கொண்டிருந்தன. ஆயினும் அக்கணினி, தாழ்ந்த முக்கியத்துவமுடைய பணிகளை விலக்கிவிட்டு, கலத்தை ஓட்டும் பணியை மட்டும் எடுத்துக்கொண்டு தன்னைத் தானே மறுபடி தொடங்கிக்கொள்ளுமாறு அமைக்கப்பட்டிருந்தது. வெறும் விளக்கை மட்டும் ஏற்றிவிட்டுத் தொடர்வது, மறுபடி தொடங்கித் தொடர்வது, நடப்பதை அடியோடு கைவிடுவது என மூவகைக் கடுமை அதன் நிரலில் வகுக்கப்பட்டிருந்தது.

இறங்குவதா, திரும்புவதா என்பதைச் சில விநாடிகளில் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன் நடந்த ஒத்திகை ஒன்றில் இத்தகைய எச்சரிக்கை தோன்றியபோது, தேவையின்றிப் பயணத்தைக் கைவிடும் முடிவு எடுக்கப்பட்டிருந்தது. அதன் விளைவாக, எந்த எண் தோன்றினால் என்ன செய்யவேண்டும் என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து பட்டியல் தயாரிக்கும்படி கட்டுப்பாட்டு நிலையத்தில் பணிக்கப்பட்டது. 24 வயதினரான ஜாக் கார்மன் அப்பட்டியலைக் கையால் எழுதி வைத்திருந்தார். எச்சரிக்கை திரும்பத் திரும்ப ஓயாமல் வராதவரை தொடரலாம் என்று அவர் கூற, வழிகாட்டும் பொறுப்பிலிருந்த 26 வயதினரான ஸ்டீவ் பேல்ஸ் தொடரலாம் என்று அறிவித்தார். கலம் இறங்கியது. எண்ணின் பொருள், 'இது நேர்ந்தால் நீ இதனைச் செய்' என்பதாக முன்னரே தீர்மானிக்கப்பட்டிருந்ததே அன்று கைகொடுத்தது.

மண்ணுலகில் வணிகக் கணினிகளை ஆண்டவர்களும் இதே உண்மையை வேறு வழியில் கண்டனர். ஐ.பி.எம். நிறுவனம் 1964-இல் அறிவித்த சிஸ்டம் 360 கணினிகளுக்கான இயக்க முறைமையில், ஒவ்வொரு செய்தியின் குறியீட்டுக்கும் இறுதியில் ஓர் எழுத்து நின்றது. ஓர் எழுத்து, கணினியை இயக்குபவர் இப்போதே ஒரு செயலைச் செய்யவேண்டும் என்பதைக் குறித்தது. மற்றொன்று, அவர் ஒரு முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்பதற்கு. மூன்றாவது, நேரம் வாய்க்கும்போது செய்தால் போதும் என்பதற்கு. நான்காவது, வெறும் தகவல் என்பதற்கு. ஐந்தாவது, நீங்கள் செயற்படும்வரை எல்லாம் நின்று காத்திருக்கும் என்பதற்கு. 'இது எத்துணைப் பெரிய பிழை' என்னும் கேள்விக்கே அங்கு இடமில்லை. 'இதனைப் படிப்பவர் என்ன செய்யவேண்டும்' என்னும் கேள்வியே இருந்தது. 1978-இல் வெளிவந்த வி.எம்.எஸ். என்னும் முறைமையோ வேறு போக்கில் சென்றது. வெற்றி, தகவல், எச்சரிக்கை, பிழை, மீளாப்பிழை என ஐந்து வகைகளை அது வகுத்து, ஒவ்வொரு செய்தியின் முகப்பிலும் அவ்வகைக்குரிய எழுத்தைப் பொறித்தது. இங்கே படிப்பவரின் செயல் பின்னுக்குச் சென்று, நிகழ்ச்சியின் தன்மை முன்னுக்கு வந்தது.

இன்று உலகெங்கும் வழங்கும் எட்டுப் படிகள் கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் தோன்றியவை. அங்கே எரிக் ஆல்மன் என்பவர் மின்னஞ்சல்களைக் கொண்டு செல்லும் சென்ட்மெயில் என்னும் மென்பொருளை எழுதிவந்தார். அதன் செய்திகளைக் குறித்து வைக்க, 1980-களின் தொடக்கத்தில் சிஸ்லாக் என்னும் துணைக்கருவியை அவர் அமைத்தார். அஞ்சலுக்காகப் பிறந்த அக்கருவியைப் பிற மென்பொருள்களும், பின்னர்க் கர்னலும் தமதாக்கிக்கொண்டன. பல ஆண்டுகள் எழுதப்படாத வழக்காகவே நிலவிய அம்முறையை 2001-இல் ஆர்.எஃப்.சி. 3164 என்னும் ஆவணம் விவரித்தது, 2009-இல் ஆர்.எஃப்.சி. 5424 அதனை நெறிப்படுத்தியது.

அவ்வெட்டுப் படிகளையும் நம் மொழியில் இவ்வாறு பெயரிட்டு அழைக்கலாம். சுழியம், நெருக்கடி: முறைமையே பயன்படாத நிலை. ஒன்று, அபாய அழைப்பு: உடனே செயற்பட வேண்டிய நிலை. இரண்டு, கடும் நிலை. மூன்று, பிழை. நான்கு, எச்சரிக்கை. ஐந்து, அறிவிப்பு: இயல்பானதே, ஆயினும் குறித்துக்கொள்ளத் தக்கது. ஆறு, தகவல். ஏழு, பிழை தேடுவோர்க்கான நுண்குறிப்பு. கூண்டின் எண்களுக்கு இது நேர்மாறானது என்பதை நேயர்கள் கவனித்திருப்பீர்கள். துறைமுகத்தில் எண் ஏற ஏற அபாயம் ஏறும். கணினியில் எண் இறங்க இறங்க அபாயம் ஏறும்.

இப்பெயர்களை மொழிபெயர்க்க அமரும்போதுதான் ஓர் உண்மை புலப்படுகிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம் போன்றோர்க்கு, ஒரு சொல்லின் பொருள் தெளிவாக இல்லையெனில் அதற்கு இணைச்சொல் கிடைப்பது அரிது. நெருக்கடிக்கும் அபாயத்துக்கும் கடுமைக்கும் இடையே கோடு எங்கே என்று தேடினால், மூல ஆவணத்திலும் அது தெளிவாக இல்லை. எட்டுப் படிகளில் ஒன்றாவது படி மட்டுமே, படிப்பவர் உடனே செயற்பட வேண்டும் என்று வெளிப்படையாகக் கூறுகிறது. ஏனையவை நிகழ்ச்சியை வருணிப்பதோடு அமைகின்றன. கடுமை என்பது அவரவர் கருத்தைச் சார்ந்ததாகையால், செய்தியைப் பெறுபவர் எல்லோரும் ஒரே அளவுகோலைக் கையாள்கின்றனர் என்று நம்பிவிடக் கூடாது என அந்த 2009-ஆம் ஆண்டு ஆவணமே ஒப்புக்கொள்கிறது. ஐ.பி.எம். பொறியாளர்கள் ஓரெழுத்தில் தெளிவாகக் கூறியது, எட்டுச் சொற்களில் மங்கிப் போயிற்று எனலாம்.

1991-இல் பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கர்னலும் இவ்வெட்டுப் படிகளையே ஏற்றது. படி எதுவும் குறிக்காமல் எழுதப்படும் செய்தி, வழக்கமான அமைப்பில் நான்காம் படியான எச்சரிக்கையாகக் கொள்ளப்படும். எல்லாச் செய்திகளும் நினைவகத்தில் ஓரிடத்தில் சேர்கின்றன. அவற்றுள் எந்தப் படிவரை திரையில் உடனே காட்டவேண்டும் என்பதைக் கணினியை நிர்வகிப்பவர் தீர்மானிக்கிறார். அமைதியாகத் தொடங்குமாறு பணித்தால் நான்கும் அதற்கு மேற்பட்டனவும் திரைக்கு வாரா. பிழையும் அதனினும் கடியனவும் மட்டுமே தோன்றும். ஆகவே ஒரு செய்தியை மூன்றில் வைப்பதா, நான்கில் வைப்பதா என்பது, அதனை ஒருவர் காண்பதா, காணாதிருப்பதா என்பதாகவே முடியும்.

இவ்வகையில் புகழ்பெற்ற ஒரு வரி லினக்ஸின் அச்சுப்பொறி இயக்கியில் உண்டு. அச்சுப்பொறி மிகச் சில குறிப்புகளையே கணினிக்குத் தரவல்லது. காகிதம் தீர்ந்தது, இணைப்பில் இல்லை, ஏதோ பிழை என்பன அவை. காகிதமும் இருக்கிறது, இணைப்பும் இருக்கிறது, ஆனால் பிழைக் குறிப்பு மட்டும் வருகிறது என்றால் காரணம் என்ன? பழங்கால நிரலாளர்களின் குறும்பு மரபைப் பின்பற்றி, அச்சுப்பொறி தீப்பற்றி எரிகிறது என்று அறிவிக்கிறது அவ்வரி. அதற்கு அளிக்கப்பட்ட படியோ ஆறு. அதாவது வெறும் தகவல்! காகிதம் தீர்ந்தது என்னும் வரிக்கும் அதே படிதான். சொல் நெருப்பென்று அலற, எண் அமைதியாகத் தகவல் என்கிறது. நகைச்சுவையாகத் தோன்றினும், உற்றுநோக்கினால் எண்ணே சரியானது. எதனால் பிழை என்று கர்னலுக்குத் தெரியாது. அருகில் சென்று பார்ப்பதன்றி மனிதன் செய்ய வேறில்லை. கணினியும் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

படியைத் தேர்வதில் உள்ள நுட்பத்தை விளக்க, இதனினும் கருத்தூன்றத் தக்க சான்று ஒன்றுண்டு. கணினி தொடங்கும்போது பல கருவிகளின் இயக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. ஓர் இயக்கிக்கு மின்னழுத்தம் தரும் பகுதி இன்னும் எழவில்லையெனில், அது தன் முயற்சியைத் தள்ளிப்போட்டு, சற்றுப் பொறுத்து மீண்டும் முயலுமாறு 2012-இல் லினக்ஸில் வழி செய்யப்பட்டது. சமையலறையில் அடுப்பு மூளவில்லையென்று சற்றுக் காத்திருப்பது போன்றதே இது. ஆயினும் பல இயக்கிகள், ஒவ்வொரு தள்ளிவைப்பையும் மூன்றாம் படியில் பிழை என்று எழுதிவந்தன. நலமாகத் தொடங்கிய கணினியின் குறிப்பேட்டிலும் பிழைகள் வரிசையாக நின்றன. 2020-இல் இதற்கென ஒரு பொது நிரல் சேர்க்கப்பட்டது. காரணம் தள்ளிவைப்பு எனில் செய்தி ஏழாம் படிக்கு இறங்கும். உண்மையான தோல்வி எனில் மூன்றாம் படியிலேயே நிற்கும். தொடங்க இயலவில்லை என்னும் நிகழ்ச்சி இரண்டிலும் ஒன்றே. மனிதன் தலையிட வேண்டுமா என்பதில்தான் வேறுபாடு. அவ்வேறுபாட்டையே படி சொல்லவேண்டும்.

தேவையின்றி உயர்ந்த படியில் கூவுவதால் என்ன கேடு என்று சிலர் வினவலாம். புலி வருகிறது, புலி வருகிறது என்று பொய்க்குரல் எழுப்பிய சிறுவனின் கதையை நாம் அனைவரும் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். அக்கதை மருத்துவமனையில் மெய்யாக நிகழ்ந்ததுண்டு. தெராக்-25 என்னும் கதிரியக்கச் சிகிச்சைப் பொறி கனடாவில் ஆக்கப்பட்டு, அந்நாட்டிலும் அமெரிக்காவிலும் பயன்பட்டது. அதற்கெனவே எழுதப்பட்ட இயக்க முறைமை ஒன்று அதனை நடத்தியது. கோளாறு நேர்ந்தால் பொறி இருவகையில் நிற்கும். ஒன்று, முழுவதும் நின்று, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கச் செய்வது. மற்றொன்று, தற்காலிக நிறுத்தம். ஒரே ஒரு விசையை அழுத்தினால் சிகிச்சை தொடரும். கோளாறுகள் சொற்களால் அன்றி, எண்களாலேயே திரையில் தோன்றின. சில மருத்துவமனைகளில் சில நாட்களில் நாற்பது முறை வரை கூட அவை தோன்றியதாகப் பின்னர்க் கூறப்பட்டது. பெரும்பாலும் அவற்றால் தீங்கு ஏதும் நேரவில்லை. விசையை அழுத்தித் தொடர்வதே இயக்குவோரின் கைப்பழக்கமாயிற்று.

1986-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள், டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில், கோளாறு 54 என்னும் செய்தி அப்பொறியில் தோன்றியது. அது தற்காலிக நிறுத்த வகையைச் சேர்ந்ததாகவே அமைக்கப்பட்டிருந்தது. அளவுக்கு மிகக் குறைவாகவே கதிர் செலுத்தப்பட்டதாகத் திரை காட்டியது. இயக்கியவர் வழக்கம்போல் விசையை அழுத்தினார். உண்மையிலோ நோயாளியின் உடலில் வரம்பு கடந்த கதிர் பாய்ந்திருந்தது. விசையை அழுத்தியதும் மறுமுறையும் பாய்ந்தது. சில மாதங்களில் அவர் உயிர் துறந்தார். 1985-க்கும் 1987-க்கும் இடையே அப்பொறியால் இவ்வகை விபத்துகள் ஆறு நேர்ந்தன. விபத்துகளுக்கு நிரற்பிழைகளும், பாதுகாப்புத் தடைகளை நீக்கியமையும் மூலகாரணங்கள். ஆயினும், உயிரைப் பறிக்கவல்ல செய்தியும் பொருட்படுத்தத் தகாத செய்தியும் ஒரே தோற்றத்தில், ஒரே படியில், ஒரே விசைக்கு அடங்குவனவாக வந்து நின்றமையே, இயக்கியவரின் கண்ணை மறைத்தது. அவரைக் குறை கூறுவது முறையாகாது. அவருடைய பழக்கத்தை உருவாக்கியது அப்பொறியே.

மறுபுறத்தில், எல்லாவற்றையும் மிகக் கடுமையாகக் கொள்வதும் தீங்கே. லினக்ஸில் 'இது நிகழவே கூடாது' என்னும் நிலை கண்டால் அந்த இடத்திலேயே இயக்கத்தை முறித்துவிடும் கட்டளை ஒன்றுண்டு. சிறியதொரு கருவியின் கோளாற்றுக்காகக் கணினி முழுவதையும் வீழ்த்துவது தகாது என்று டோர்வால்ட்ஸ் பலமுறை வற்புறுத்தியுள்ளார். இன்று கர்னலின் நெறிமுறை ஆவணங்களும் அக்கட்டளையைப் புதிதாகப் பயன்படுத்த வேண்டாம் என்றே கூறுகின்றன. அதற்கு மாற்றாக, எச்சரித்துவிட்டுத் தொடரும் கட்டளை இருக்கிறது. அதையும் நிகழ இயலாதென்று கருதப்பட்ட நிலைகளுக்கு மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும். நிகழக்கூடியதே எனினும் விரும்பத்தகாத நிலைக்கு வெறும் நான்காம் படிச் செய்தி போதும் என்று அவை வகுக்கின்றன. ஏனெனில், அவ்வெச்சரிக்கை எழுந்தாலே கணினியை நிறுத்திவிடுமாறு சிலர் அமைத்து வைத்திருப்பர். 2015-இல் வெளிவந்த 3.19-ஆம் பதிப்பு முதல் அதற்கு இடமுண்டு. தரவுகள் பாழாவதைக் காட்டிலும் நிற்பதே மேல் என்பது அவர்தம் கொள்கை. எழுதியவன் எச்சரிக்கை என்று நினைத்தது, அங்கே மரண ஓலையாகிவிடும்.

செய்திகளின் வெள்ளத்தைத் தடுக்கவும் அணை உண்டு. பழுதுற்ற வட்டு ஒன்று ஒரே புகாரை விநாடிக்கு ஆயிரமுறை கூறுமாயின் குறிப்பேடு நிரம்பி, மற்றைக் குரல்கள் மூழ்கிவிடும். தீய நோக்குடையோர் வேண்டுமென்றே அவ்வாறு நிரப்பவும் கூடும். ஆதலின் இத்தகைய இடங்களுக்கென ஒரு கட்டுப்பாடு கர்னலில் உண்டு. வழக்கமான அமைப்பின்படி, ஐந்து விநாடிகளுக்குள் பத்துச் செய்திகளுக்கு மேல் அது வெளிவிடாது.

இனி, குரலே எழாத நிலை ஒன்றுண்டு. வட்டு அழிந்துவிட்டது என்னும் செய்தியை அவ்வட்டிலேயே எழுத முடியுமா? பேனிக் நேர்ந்த கணினி தன் கடைசிச் சொல்லை எங்கே வைத்துச் செல்லும்? துறைமுகக் கூண்டுகளுள் பதினொன்றாம் எண் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. பத்து எண்களும் புயலைப் பற்றிப் பேச, பதினொன்றாம் எண், புயல் எச்சரிக்கை நிலையத்துடன் தொடர்பே அற்றுப்போயிற்று என்பதைக் குறிக்கிறது. அதனை அமைத்தவர்கள் மௌனத்துக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். சிஸ்லாக்கின் எட்டுப் படிகளில் அதற்கு இடமில்லை. ஆகவேதான் கர்னலின் செய்திகளைப் பிணையம் வழியாக வேறொரு கணினிக்கு உடனுக்குடன் அனுப்பும் வழிகளைப் பொறியாளர்கள் பின்னர் அமைத்தனர். ஒரு கணினியிடமிருந்து வழக்கமாக வரும் குரல் வராமற் போனால், அதனையே பெரும் அபாயமாகக் கொள்ளும் பழக்கமும் கணினி நிலையங்களில் வேரூன்றியது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க நெறி எளிது. செய்தியை எழுத அமர்பவர் தம்மிடம் நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். இதனைப் படிப்பவர் யார்? படித்தபின் அவரால் செய்யக்கூடியது என்ன? எவ்வளவு காலத்துக்குள் செய்யவேண்டும்? செய்யாவிடில் இழப்பது என்ன? செய்யக்கூடியது ஒன்றுமே இல்லையெனில் அது தகவலே. அதற்கு மேல் உயர்த்துவது வீண். நாளைக் காலையில் பார்த்தால் போதுமெனில் அது எச்சரிக்கை. ஒரு பணி தோற்றுவிட்டது, தானாக மீளாது எனில் பிழை. உறக்கத்திலிருந்து ஒருவரை எழுப்பியே ஆகவேண்டும் எனில் மட்டும் அதற்கு மேற்பட்ட படிகள். நிரலை எழுதியவர் அப்பிழையைக் கண்டு எவ்வளவு அஞ்சினார் என்பதோ, அதனைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் உழைத்தார் என்பதோ அளவுகோல் ஆகா.

இந்நெறி கணினிக்கு மட்டும் உரியதன்று. அரசு அலுவலகங்களில் கோப்புகள் மீது 'உடனடி' என்றும் 'முன்னுரிமை' என்றும் சீட்டுகள் ஒட்டப்படுவதை நம்மில் பலர் அறிவோம். ஒட்டப்படும் சீட்டுகள் பெருகப் பெருக அவற்றின் மதிப்பு குறைகிறது; எல்லாக் கோப்பும் உடனடி என்றால் எக்கோப்பும் உடனடி அன்று. முன்னாளில் ஊரிலிருந்து தந்தி வந்தால், பிரித்துப் படிக்கும் முன்பே வீடு நடுங்கும். தந்தி அரிதாக வந்தமையே அந்நடுக்கத்துக்குக் காரணம். 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்திப் பணி நிறுத்தப்பட்டது. இன்று நம் கைப்பேசியில் நாளொன்றுக்கு நூறு அறிவிப்புகள் ஒரே ஒலியுடன் வந்து விழுகின்றன. அவற்றுள் எது ஊரில் தாயாரின் உடல்நிலை பற்றியது, எது கடைக்காரரின் விளம்பரம் என்பதை ஒலியைக் கொண்டு அறிய வழியில்லை.

ஒரு சொல்லை எந்தப் படியில் வைத்துச் சொல்வது என்பது பிறர் கவனத்தைக் கடனாகக் கேட்பது போன்றது. இன்று எழுதப்படும் வரி ஒன்று, அதனை எழுதியவர் மறந்துவிட்ட ஒரு நாளில், அவர் பெயரும் அறியாத ஒருவர் முன் சென்று நிற்கும். அவரிடம் அப்போது விளக்கம் கேட்க நேரம் இருக்காது. எண்ணை மட்டும் நம்பியே அவர் எழுவார், அல்லது உறங்குவார். அந்த நம்பிக்கைக்குத் தகுந்தாற்போல எண்ணைத் தேர்ந்து வைப்பது, எழுதுகிறவர் அவருக்குச் செய்யவேண்டிய கடமையாகும்.